பழைய பாறைக்குழியும் புதிய குவாரி மனுவும்: ஊர் எங்கே கை வைக்க முடியும்?

கேள்வியைப் படித்தேன். உங்கள் ஊரில் ஐந்து வருடம் ஓடிய கல்குவாரி ஒன்று குத்தகை முடிந்து, வேலியில்லாமல், தண்ணீர் தேங்கிய பாறைக்குழியாகக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்து நிலத்திலேயே இன்னொரு குவாரிக்கு இப்போது மனு போட்டிருக்கிறார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டால் புதியது நின்றுவிடுமா, பழைய குழியை மூட வைக்க முடியுமா என்பவை உங்கள் இரண்டு கேள்விகள்.

தீர்மானம் மட்டும் சட்டப்படி எதையும் நிறுத்தாது. நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் குழியை மூடவும் முடியாது. ஆனால் இந்த இரண்டு விஷயங்களையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் ஊர்க்காரர்கள் பல இடங்களில் தோற்கிறார்கள். பழைய குழியைக் கேள்வி கேட்கச் சரியான சமயம் புதிய மனு வரும்போதுதான். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். இருபது வருடங்களாகச் சுரங்கத் திட்டம் எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். அதாவது குவாரிக்காரர் பக்கம் உட்கார்ந்திருந்தவன். கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் குழியை மூடும் கதை. நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அந்த மண்ணை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே போய், இன்னொரு பக்கம் கன்வேயரில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே வரலாம். நிலம் பழையபடி வருமா என்பது வேறு வழக்கு. குழியை நிரப்ப அங்கே பொருள் இருக்கிறது. கல்குவாரியில் அப்படி இல்லை. மேலே ஒன்றிரண்டு மீட்டர் கிராவல் இருந்தால் அதுவும் விலை போகும். கீழே இருப்பது மொத்தமும் ஜல்லியாகவும் எம் சாண்டாகவும் லாரி ஏறிவிடும். வெட்டியதெல்லாம் விற்ற பிறகு எதைப் போட்டு மூடுவது?

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு ஹெக்டேர் பட்டா நிலம், நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்து எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. நான்கு பக்கமும் விட்டால் மிஞ்சுவது 85-க்கு 85. நம் ஊர்த் திட்டங்களில் வழக்கமாக 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று பெஞ்ச் போடுவோம். படிக்கட்டு மாதிரி இறங்கிப் போகும். 30 மீட்டர் ஆழத்துக்கு ஆறு படி. முதல் படி 85-க்கு 85, அடுத்தது 75-க்கு 75, இப்படியே குறைந்து கடைசிப் படி 35-க்கு 35. கூட்டினால் எடுக்கக்கூடிய கல் 1,16,750 கன மீட்டர்.

அதே குழியைப் படி விடாமல் சுவர் மாதிரி நேராக இறக்கினால் 2,16,750 கன மீட்டர். வித்தியாசம் சரியாக ஒரு லட்சம் கன மீட்டர். லாரிக்காரர் பாஷையில் சொன்னால் 35,000 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). விதியை மதித்துப் படி விடுகிற குவாரிக்காரர் அத்தனை யூனிட் கல்லைக் கண்முன்னே விட்டுவிட்டு வர வேண்டும். பெஞ்ச் ஏன் காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. எல்லையோரம் விட வேண்டிய 7.5 மீட்டரையும் சேர்த்து விழுங்கினால் கணக்கு மூன்று லட்சம் கன மீட்டர் வரை போகும்.

இப்போது மூடுவதைப் பாருங்கள். ஒழுங்காக வெட்டிய அந்தச் சின்னக் குழியை நிரப்பவே சுமார் 41,000 யூனிட் மண் வேண்டும். நான்கு யூனிட் டிப்பரில் பத்தாயிரம் லோடு. நாளைக்கு முப்பது லோடு அடித்தாலும் ஒரு வருடம் ஆகிவிடும். மண் எங்கிருந்து வரும்? வேறொரு இடத்தில் இரண்டு மீட்டர் ஆழம் சுரண்டுவதானால் கிட்டத்தட்ட 14 ஏக்கர் போகும். ஒரு பாறைக்குழியை மூட இன்னொரு ஊரின் செம்மண் நிலத்தை அழிக்கிற வேலை அது. ஆகவே அதிகாரியிடம் போய் 'குழியை மூடச் சொல்லுங்கள்' என்று கேட்டால், அவர் சிரிக்காமல் தலையாட்டி அனுப்பி வைப்பார். கேட்க வேண்டியது வேறு: ஓரம் சரியாமல் இருக்கிறதா, படி இருக்கிறதா, வேலி இருக்கிறதா, மழைநீர் உள்ளே பாயாதபடி சுற்றி வடிகால் வெட்டியிருக்கிறதா, விட்ட 7.5 மீட்டரில் மரம் இருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டால் மேலே ஏறி வர வழி இருக்கிறதா. கல்குவாரி நிலத்தைச் சீரமைப்பது என்றால் நடைமுறையில் இதுதான்.

சரி, யாருக்கு என்ன அதிகாரம்? கல், கிராவல், மணல் எல்லாம் சிறுகனிமம். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், 15-ஆம் பிரிவில், சிறுகனிமத்துக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது. அதன்படி நமக்குள்ளது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். எத்தனையோ திருத்தம் கண்டு, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் அதுதான் ஆதாரம். அதன்படி குத்தகை கொடுக்கிறவர் மாவட்ட ஆட்சியர். கோப்பை நகர்த்துகிறவர் கனிமவளத் துறை உதவி இயக்குநர். கோட்டாட்சியரும் தாசில்தாரும் வி.ஏ.ஓ.வும் இடத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். குத்தகை தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இந்த வரிசையில் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை.

பக்கத்துக் கேரளத்தில் குவாரி நடத்தப் பஞ்சாயத்திடம் உரிமம் வாங்க வேண்டும். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளில் சிறுகனிமத்துக்குக் கிராம சபை அல்லது பஞ்சாயத்தின் பரிந்துரை வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவுமே அறிவிக்கப்படாததால் அந்தக் கதவும் நமக்கு இல்லை. அதற்காகத் தீர்மானம் வீண் என்று சொல்லவில்லை. 2024 கடைசியில் மதுரை அரிட்டாபட்டியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகப் போட்ட கிராம சபைத் தீர்மானங்களுக்குச் சட்டப்படி தடுக்கும் சக்தி கிடையாது. ஆனாலும் சட்டமன்றமே தீர்மானம் போடும் அளவுக்கு அது வளர்ந்து, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது ஊர் ஊராகத் திரண்ட கூட்டத்தின் பலம். உங்கள் ஊரின் இரண்டு ஹெக்டேர் குவாரிக்கு அந்தக் கூட்டம் சேராது. உங்களுக்குக் காகிதம்தான் துணை.

அந்தக் காகிதங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, வி.ஏ.ஓ. கொடுக்கும் 300 மீட்டர் சான்று. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக் கூடாது என்று 36-ஆம் விதி சொல்கிறது. இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. 'குடியிருப்பு' என்றால் ஆள் குடியிருக்கிற எந்த வீடும் அல்ல. வருவாய்ப் பதிவேட்டில் நத்தம், வீட்டுமனை என்று இருப்பதும், உள்ளாட்சி அமைப்போ நகர ஊரமைப்புத் துறையோ அங்கீகரித்த மனையும்தான் அந்த விதியின் விளக்கத்தில் வரும். தோட்டத்துச் சாளையில், அதாவது விளைநிலத்து வீட்டில், மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும், பதிவேட்டில் அது வெறும் புஞ்சைக் காடு என்றால் சான்றில் 'குடியிருப்பு ஏதுமில்லை' என்று எழுதிவிடுவார்கள். எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை, பதிவேட்டைத்தான் சொல்கிறார். ஆகவே இப்போதே உங்கள் ஊரின் அ-பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) புல வரைபடத்தையும் எடுத்து, அந்தப் புல எண்ணைச் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் வருகிற வீடுகளின் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சாளைகள் விதிக்குள் வராவிட்டாலும், சுற்றுச்சூழல் அனுமதி தருகிற குழுவின் முன்னால் அவை கண்ணில் படும். அங்கே பதிவேட்டைவிடச் செயற்கைக்கோள் படத்துக்கு மதிப்பு அதிகம்.

வனத்தோரம் என்றால் இன்னொன்று. 2021 நவம்பரில் சரணாலயம், புலிகள் காப்பகம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று அரசாணை வந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் காப்புக்காட்டை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய ஆணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடப் போய்விடாதீர்கள்.

இரண்டாவது காகிதம் உதவி இயக்குநரின் 500 மீட்டர் கடிதம். மனுப் போட்ட இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஓடுகிற குவாரி, முடிந்த குவாரி, வரப்போகிற குவாரி எல்லாவற்றையும் பரப்போடு பட்டியல் போடுவது இது. உங்கள் விஷயத்தில் மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

ஒரு காலத்தில் ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படவில்லை. அதனால் எல்லோரும் நாலே முக்கால் ஹெக்டேராக வெட்டி வெட்டி மனுப் போட்டார்கள். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் எதிர் ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிடித்தது. சிறியதானாலும் அனுமதி வேண்டும் என்றது. சரி என்று 2016 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஐந்து ஹெக்டேர் வரைக்கும் அனுமதி தர மாவட்ட அளவிலேயே ஓர் ஆணையம் வைத்தது. தலைவர் யார்? மாவட்ட ஆட்சியர். குத்தகை கொடுப்பவரும் அவரே, சூழலுக்குக் கேடு வருமா என்று பார்ப்பவரும் அவரே. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரேயான கல்யாணம் மாதிரி. 2018-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏற்பாடு உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு ஒத்துவராது என்றது. அதற்குப் பிறகு நம் மாநிலத்தில் கோப்பெல்லாம் சென்னையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போகிறது. உங்கள் பழைய குவாரி 2016-க்கும் 2018-க்கும் இடையில் தொடங்கியது என்றால் மாவட்ட அனுமதியில் ஓடியதாகத்தான் இருக்கும். விசாரித்துப் பாருங்கள்.

அந்த 2016 மாற்றத்தில் நல்லது ஒன்றும் வந்தது. ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைக் கூட்டாகப் பார்க்க வேண்டும். 2018 தீர்ப்புக்குப் பிறகு, மொத்தப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் முழு ஆய்வறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் உண்டு. தாண்டாவிட்டால் கூட்டம் கிடையாது. குவாரிக்காரர்கள் எந்தக் குவாரி பட்டியலில் வருகிறது, எது வரவில்லை என்று அவ்வளவு கவலைப்படுவது இதனால்தான். மூன்று வருடத்துக்கு மேல் ஓடாமல் கிடக்கும் குவாரியின் பரப்பு கணக்கில் சேராது. உங்கள் பழைய குழி இப்படி வெளியே போகலாம். ஆனால் பரப்பில் சேராவிட்டாலும், அந்தத் தொகுப்புக்கான சூழல் மேலாண்மைத் திட்டத்தில் அந்தக் குழியும் வந்தாக வேண்டும். முதலில் நான் சொன்ன இடம் இதுதான். 500 மீட்டர் கடிதத்தில் பழைய குழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதன் புல எண், குத்தகைக் காலம், இன்றைய தேதியிட்ட படங்கள், அட்சரேகை தீர்க்கரேகையோடு சென்னை ஆணையத்துக்கும் அதன் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை, சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குழு கூடும் முன் உங்கள் தபால் போய்ச் சேர வேண்டும், கூடிய பிறகு போனால் அது வெறும் புகார்.

பழைய குவாரியையும் இவர்களேதான் நடத்தினார்களா, அல்லது உறவுக்காரர் பெயரிலா என்று பார்க்க மறக்காதீர்கள். ஒரே ஆள் என்றால், முந்தைய அனுமதியின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார் என்று குழு கேட்கும். அந்த நிபந்தனைகளுக்கான அறிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1-ம் டிசம்பர் 1-ம் தேதிகளில் கொடுத்திருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அந்த அறிக்கைகளையும், அங்கீகரித்த சுரங்கத் திட்டத்தையும், குத்தகை ஒப்பந்தத்தையும், கல் ஏற்றிப்போகும் லாரிகளுக்குக் கொடுத்த நடைச்சீட்டுகளின் மொத்த அளவையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலில் 'அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று இருந்தால், வருத்தப்படாதீர்கள். அதுவே உங்கள் முதல் ஆவணம்.

இங்கே என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சுரங்கத் திட்டத்தின் கடைசி அத்தியாயம் மூடல் திட்டம். குத்தகை முடிந்ததும் குழியை என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு செலவு, எத்தனை மரம் என்று எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அதற்கு ஒரு அச்சு இருந்தது. ஊர் பெயரையும் புல எண்ணையும் மட்டும் மாற்றுவோம். ஒருமுறை தண்ணீரே நிற்காத, பாதி மலையைக் குடைந்த இடத்துக்கு 'மீன் வளர்ப்புக் குளமாக மாற்றப்படும்' என்று எழுதிப் போயிருந்தது. யாரும் கேட்கவில்லை. கையெழுத்தாகி வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன் என்பதால் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆகவே புதிய குவாரியின் மூடல் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். வேலி எத்தனை மீட்டர், கம்பி வேலியா சுவரா, மரம் எந்த வகை, யார் தண்ணீர் ஊற்றுவார்கள், கடைசிப் பெஞ்சின் படம் எங்கே, குழிக்குள் இறங்கிய சரிவுப் பாதை அப்படியே விடப்படுமா என்று எண்ணோடு கேளுங்கள். சுண்ணாம்புக்கல் மாதிரி பெருங்கனிமம் என்றால் மூடலுக்காக ஹெக்டேருக்கு இத்தனை லட்சம் என்று வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், முடிவதற்கு இரண்டு வருடம் முன்பே இறுதித் திட்டம் கொடுக்க வேண்டும். சாதாரணக் கல்லுக்கு அந்த மத்திய விதிகள் பொருந்தாது. இருக்கிற முக்கியமான பிடி சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைதான். நிபந்தனையில் எழுதாததை ஐந்து வருடம் கழித்து யாரும் செய்யப்போவதில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால் அது உங்களுக்கு அதிர்ஷ்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முப்பது நாள் முன்பே அறிவிக்க வேண்டும், வரைவு அறிக்கை பஞ்சாயத்து அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும், கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் பேசியதன் சுருக்கத்தைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். மைக் பிடித்து 'எங்களுக்கு வேண்டாம்' என்று ஐம்பது பேர் சொல்வதைவிட, ஐந்து பேர் ஐந்து வெவ்வேறு கேள்விகளை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குவது மேல். 'வேண்டாம்' என்பதற்கு 'மக்கள் அச்சம் தெரிவித்தனர்' என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம், நானே எழுதியிருக்கிறேன். 'புல எண் இத்தனையில் உள்ள கிணற்றில் ஏப்ரலில் இத்தனை அடியில் தண்ணீர், குவாரியின் கடைசி ஆழம் அதைவிட 40 அடி கீழே போகிறது, இறைக்கும் தண்ணீர் எங்கே போகும்?' என்றால் ஒரு வரியில் முடியாது.

அந்தக் கிணற்று அளவு விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். குவாரி தொடங்கும் முன்பே சுற்றியுள்ள கிணறுகளிலும் போர்வெல்களிலும் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளந்து நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வையுங்கள். வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படம் எடுங்கள். விரிசல் வந்த பிறகு 'இது முன்பே இருந்தது' என்பதுதான் எல்லாக் குவாரிக்காரரும் சொல்வது. வெடி அதிர்வுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வரம்பு வைத்திருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்கு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர், பழைய கோயில் போன்ற கட்டுமானத்துக்கு 2 மில்லிமீட்டர். கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். குவாரிக்காரர் செலவில், உங்கள் வீட்டு வாசலில்.

படி விடாமல் இறக்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர் பெயர் போதும். 2022 மே 14 இரவு திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்தில், சுமார் 300 அடி ஆழக் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். மேலிருந்து கல் விழுந்துகொண்டே இருந்ததால் மீட்பவர்கள் கீழே இறங்கவே திணறினார்கள். 2025 மே 20 சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து ஆறு பேர் போனார்கள். இறந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். எல்லையைத் தாண்டி, ஆழத்தைத் தாண்டி வெட்டினால் எடுத்த கனிமத்தின் முழு விலையையும் வசூலிக்க, முன்பு சொன்ன 1957 சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. ஆனால் அதற்கு யாராவது அளக்க வேண்டும். பழைய குழியை டிரோன் வைத்து அளந்து, நடைச்சீட்டில் கட்டிய அளவோடு ஒப்பிடச் சொல்லி ஆட்சியருக்கு மனு கொடுங்கள். முன்பு சொன்ன கணக்கு இங்கே உதவும். 30 மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குழியில் நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர் தெரிகிறது என்றாலே லட்சம் கன மீட்டருக்கு எங்கோ பதில் இல்லை என்று அர்த்தம்.

அனுமதி கொடுத்தேவிட்டார்கள் என்றால் தென் மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. முப்பது நாள், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் அறுபது நாள், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது. அனுமதி பெற்றவர் அதை உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, நகலைப் பஞ்சாயத்துக்கும் கொடுக்க வேண்டும். அந்த நகல் வந்த தேதியைப் பஞ்சாயத்து அலுவலகத் தபால் பதிவேட்டில் எழுத வையுங்கள். நாள் கணக்கில் சண்டை வரும்போது அந்த ஒரு வரி வழக்கையே காப்பாற்றும்.

இனிப் பழைய குழி. மனுச் சண்டை எப்படிப் போனாலும், இதற்கு உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 152. பொதுவழிக்கோ பொது இடத்துக்கோ பக்கத்தில் உள்ள குளம், கிணறு, வெட்டிய குழி எதுவானாலும், ஆபத்து நேராதபடி வேலி போடுமாறு நிர்வாக நடுவர் உத்தரவிடலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. நிர்வாக நடுவர் என்றால் உங்கள் கோட்டாட்சியர். பட்டா நிலமானால் நில உரிமையாளர் பெயரிலும், குத்தகை எடுத்தவர் பெயரிலும் கேளுங்கள். பெரும்பாலும் நிலத்துக்காரர் வருடத்துக்கு ஏதோ வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவராக இருப்பார், கடைசியில் குழி மட்டும் அவர் தலையில். பாவம்தான், ஆனால் இதைப் பக்கத்து நிலத்துக்காரருக்கு இப்போதே காட்டிவிடுங்கள், அவர் கையெழுத்துப் போடும் முன்பு. புறம்போக்கு என்றால் அரசுதான் எதிர்மனுதாரர். கூடவே, குவாரி நடந்த இடத்தையும் அதனால் கெட்ட நிலத்தையும் புல் பூண்டு வளரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2020 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், அமைச்சகம் அதை அனுமதி நிபந்தனையாகவே சேர்த்ததையும் மனுவில் குறிப்பிடுங்கள். செங்குத்துப் பாறையில் புல் முளைக்காது. சுற்றியுள்ள மண் நிலத்தில் முளைக்கும்.

தண்ணீரைப் பற்றி. பாறைக்குழித் தண்ணீர் வீண் இல்லை. 2017 வறட்சியில் சென்னைக்கு மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குட்டைகளிலிருந்துதான் நாளைக்கு 3 கோடி லிட்டர் வரை எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். உங்கள் குழித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, சுற்றியுள்ள விளைநிலங்களுக்கு இறைக்க முடியுமா என்று பாருங்கள். ஊருக்குப் பயன்படுகிற குழிக்குத்தான் வேலி நிற்கும். பயனில்லாத குழியின் கம்பியை ஆறு மாதத்தில் பழைய இரும்புக் கடையில் பார்க்கலாம்.

அப்புறம், 'குழியை நாங்களே இலவசமாக மூடித் தருகிறோம்' என்று யாராவது வந்தால் உஷாராக இருங்கள். மண்ணுக்கு வழியில்லை என்று மேலே கணக்குப் பார்த்தோம். அப்படியானால் கொண்டுவருவது குப்பை. திருப்பூர்ப் பக்கம் பாறைக்குழிகளில் மாநகராட்சிக் குப்பையைக் கொட்டியதற்கு எதிராக மக்கள் தெருவில் உட்கார்ந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெடி வைத்த பாறையில் விரிசல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. குப்பைச் சாறு அந்த விரிசல் வழியே அரை மைல் தள்ளி இருக்கும் கிணற்றில் வந்து நிற்கும். தண்ணீர் நிற்கும் குழியைவிடக் குப்பை நிறைந்த குழி பல மடங்கு மோசம். 152-இல் வேலி கேட்கலாம், குப்பையை மீண்டும் அள்ளி எடுக்க வைக்க எந்தப் பிரிவும் உதவி நான் பார்த்ததில்லை.

பணத்துக்கு வழி கேட்டால், ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. குவாரிக்காரர்கள் உரிமத் தொகையோடு சேர்த்துக் கட்டுகிற பணம் அது. மரம் நடத் தனியாகப் பசுமை நிதி என்றும் வசூலிக்கிறார்கள். பாதிக்கப்பட்ட ஊர் என்று சொல்லி வேலிக்கும் குடிநீருக்கும் கேட்க உங்கள் பஞ்சாயத்துக்கு முழு உரிமை உண்டு. கிராம சபைத் தீர்மானம் உண்மையில் வேலை செய்கிற இடம் இது. புல எண், வேலியின் நீளம், மதிப்பீட்டுத் தொகை மூன்றையும் தீர்மானத்திலேயே எழுதி அனுப்புங்கள். 'ஆவன செய்யுமாறு' என்று முடித்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

சுரங்கத் திட்டத்தின் நகல் கையில் கிடைத்ததும் மூடல் அத்தியாயப் பக்கங்களையும் 500 மீட்டர் கடிதத்தையும் புல எண் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். எங்கே அச்சு மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.